திரையில் தெரியாத மூன்றாவது ஆள்

அந்த அம்மா நாற்காலியோடு சேர்ந்து விழுந்தபோது நான் ஸ்கூடாயில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்திருந்தேன். அவர் இருந்தது பண்டார் தெங்காராவில். காரில் போனால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அவர் விழுந்ததை நான் பார்த்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

என் வேலையைச் சொன்னால்தான் இது விளங்கும். ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொள்ளும் இணையப் பக்கங்களைக் கட்டித் தருவது என் வேலை. எதையும் இறக்கிப் பதிக்க வேண்டாம். கைப்பேசிக்கு வரும் லிங்க்கை அழுத்தினால் பிரவுசரிலேயே முகமும் குரலும் வந்துவிடும். மூன்று பேர் மட்டும் உள்ள சிறிய கம்பெனி. மற்ற இருவரும் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். என் கணவர் விடிவதற்கு முன்பே மோட்டார்சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார். பகல் முழுக்க வீட்டில் நானும் கம்ப்யூட்டரும்தான்.

ஸ்கூடாயிலேயே ஒரு கடைவரிசை மாடியில் பிசியோதெரபி நிலையம் வைத்திருந்த ஒரு பெண் எங்களிடம் வந்தார். என் வயதுதான் இருக்கும். நோயாளிகள் எல்லாரும் அவரை 'மிஸ்' என்பார்கள், நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். ஸ்ட்ரோக் வந்து கை கால் விழுந்தவர்களால் தொலைவிலிருந்து வந்து போக முடியவில்லை, வீட்டிலிருந்தபடியே பயிற்சி செய்யட்டும், நான் திரையில் பார்த்துச் சொல்லித் தருகிறேன் என்றார். இரண்டு மாதத்தில் செய்து கொடுத்தோம்.

ஓடத் தொடங்கியதும் தொல்லையும் தொடங்கியது. சிலருக்குப் படம் உறைந்து நின்றது. சிலருக்குக் குரல் வந்தது, படம் வரவில்லை. அவர்களிடம் கேட்டால் "சரியா வரல மிஸ்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லத் தெரியாது. காரணத்தைக் கண்டுபிடிக்க நான் ஒரு வழி செய்தேன். ஒவ்வொரு அழைப்பிலும் மூன்றாவதாக ஓர் இடம். அதில் நான் நுழைந்தால் இருவரையும் பார்க்கலாம், கேட்கலாம். அவர்கள் திரையில் என் முகம் வராது, பெயர் வராது, என் குரலும் போகாது. சர்வர் எனக்குக் கொடுக்கும் அனுமதியிலேயே 'பேச முடியாது' என்று எழுதி வைத்திருந்தேன். மிஸ்ஸிடம், "சில நேரம் உள்ள இருந்து நெட் எப்படி இருக்குன்னு பாப்பேன்" என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். நோயாளிகளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

நெட்டை மட்டும்தான் பார்த்தேன் என்று சொன்னால் பொய். முகம் திரையில் இருக்கும்போது யாரால் நெட் வேகத்தின் எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

பண்டார் தெங்காரா அம்மாவுக்கு அறுபதை நெருங்கும் வயது. டிவி தயாரிக்கும் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். ஸ்ட்ரோக்கில் வலது பக்கம் பலவீனமாகி, பேச்சும் குழறியது. ஒரே மகள் சிங்கப்பூரில் வேலை செய்தாள். இருட்டோடு கிளம்பும்போது அம்மாவின் கைப்பேசியை மேசையில் பிஸ்கட் டின்னில் சாய்த்து வைத்துவிட்டுப் போவாள். பத்து மணிக்கு அம்மா இடது கையால் லிங்க்கை அழுத்துவார். அவருடைய அழைப்பில் நான் அதற்கு முன் நான்கு தடவை உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவை பயிற்சி நடுவில் அவரால் அடக்க முடியாமல் உடுப்பிலேயே சிறுநீர் போய்விட்டது. முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மிஸ் நெடுநேரம் சமாதானம் சொன்னார். நானும் அதைப் பார்த்தேன். வெளியேறியிருக்கலாம். வெளியேறவில்லை.

அன்று ஐந்தாவது தடவை. பத்து மணிக்கே வானம் கறுத்து இடி இடித்தது. மிஸ் அவரை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி, குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னார்.

"மெதுவா ஆன்ட்டி. பத்து தடவ. நான் எண்ணுறேன்."

நான்கு என்று எண்ணும்போது மிஸ்ஸின் படம் உறைந்தது. பிறகு கறுத்துப் போனது. ஸ்கூடாயில் அவர் இருந்த வரிசை முழுக்க இடியில் கரண்ட் போய்விட்டது என்று பின்னால்தான் தெரிந்தது. அந்த அம்மாவின் திரையில் 'காத்திருக்கவும்' என்று ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியிருக்கும்.

"மிஸ்? கேக்குதா மிஸ்?"

அவர் உட்காரவில்லை. வட்டத்தைப் பார்த்தபடி தானே எண்ணிக்கொண்டு குதிகாலைத் தூக்கினார். உட்காருங்கள், உட்காருங்கள் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டோ ஒன்பதோ வரும்போது நாற்காலி டைல்ஸில் வழுக்கி முன்னால் போனது. அவர் அதன் கூடவே போனார். அரிசி மூட்டை சரிந்ததுபோல, ஆனால் சத்தமே வரவில்லை. திரையில் கவிழ்ந்த நாற்காலியும் ஒரு பாதமும் மட்டும் தெரிந்தன. அந்தப் பாதம் அசையவில்லை.

"ஆன்ட்டி!" என்று நான் கத்தினேன். என் அறைச் சுவர்தான் கேட்டது.

இங்கே ஒன்றை எழுதியாக வேண்டும். எனக்கு வந்த முதல் நினைப்பு அவரைப் பற்றியதல்ல. நான் பேசினால் நான் உள்ளே இருந்தது தெரிந்துவிடுமே என்ற நினைப்புதான். ஓரிரு விநாடிதான் இருந்திருக்கும். ஆனால் வந்தது.

மிஸ்ஸின் கைப்பேசிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். பயிற்சி நேரத்தில் அவர் சத்தத்தை நிறுத்தி வைப்பது வழக்கம். மூன்றாவது தடவையும் எடுக்காததும் 999ஐ அழைத்தேன். எடுத்தவர் மலாயில் கேட்ட முதல் கேள்வி முகவரி.

"பண்டார் தெங்காரா. ஓர் அம்மா விழுந்துட்டாங்க. தனியா இருக்காங்க."

"வீட்டு நம்பர் என்ன, புவான்? எந்த ஜாலான், எந்தத் தெரு?"

தெரியாது. எங்கள் பதிவுப் படிவத்தில் பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண் மட்டும்தான். படிவம் நீளமாக இருந்தால் வயதானவர்கள் சோர்ந்து போவார்கள் என்று முகவரிக் கட்டத்தை எடுத்ததே நான்தான். "கண்டுபிடிச்சு மறுபடி கூப்பிடுறேன்" என்று சொல்லி வைத்தேன்.

அந்த அம்மாவின் எண் இருக்கிறது, அடிக்கலாம்தான். ஆனால் கைப்பேசிக்கு அழைப்பு வந்தால் பிரவுசரிடமிருந்து அது மைக்கைப் பிடுங்கிக்கொள்ளும். சில கைப்பேசிகளில் பக்கமே தூங்கிவிடும். தரையில் கிடப்பவர் எழுந்து வந்து எடுக்கவும் போவதில்லை. எனக்கு அந்த வீட்டுக்குள் இருந்த ஒரே கண்ணும் காதும் அந்த இணையப் பக்கம்தான். அதை நானே மூடிவிடக்கூடும்.

இன்னொரு பயமும் இருந்தது. மிஸ் வெளியேறிப் பத்து நிமிடம் ஆனால், அழைப்பு நடக்கும் அந்த இணைய அறை தானாகவே மூடிக்கொள்ளும்படி எழுதியிருந்தோம். நோயாளியின் கேமரா தெரியாமல் திறந்து கிடக்கக்கூடாது என்பதற்காக. அதைச் செய்து முடித்த அன்று பெருமையாகக்கூட இருந்தது. திரை மூலையில் பார்த்தேன். நான்கு நிமிடம் போயிருந்தது.

பேச வேண்டும். அதற்கு மிஸ்ஸின் இடத்தில் நான் நுழைய வேண்டும். நுழைந்துவிட்டால் அறையும் மூடாது. அந்த இடத்துக்கான அனுமதியை என் கம்ப்யூட்டரிலிருந்தே உருவாக்க முடியும், நாலு வரி வேலை. முதல் தடவை தப்பாக அடித்தேன். இரண்டாவது தடவை அறையின் எண்ணைத் தப்பாகப் போட்டு ஒரு காலி அறைக்குள் போய் நின்றேன். மூன்றாவது தடவை சரியாக நுழைந்ததும் பிரவுசர், மைக்கைப் பயன்படுத்த அனுமதிக்கிறாயா என்று கேட்டது. அவசரத்தில் 'வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டேன். ஒரு தடவை வேண்டாம் என்றால் அது மறுபடி கேட்காது. செட்டிங்கைத் திறந்து, தேடி, மாற்றி, பக்கத்தைத் திரும்ப ஏற்றினேன். எத்தனையோ பேருக்கு இதைப் போனில் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று செட்டிங்குக்கான அந்தச் சின்னப் படம் எங்கே இருக்கிறதென்றே என் கண்ணுக்குத் தெரியவில்லை.

மறுபடி படம் வந்தபோது பாதம் இருந்த இடம் மாறியிருந்தது. உயிர் இருக்கிறது.

"ஆன்ட்டி! கேக்குதா ஆன்ட்டி?"

ஒரு முனகல். பிறகு மிக மெல்லிய குரலில், "யா...ரு?"

"நான்தான் ஆன்ட்டி, நான்..." என்று தொடங்கி, என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

"யாரு... வூட்டுக்குள்ள?" அவர் குரல் உடைந்தது. பாதம் திரையிலிருந்து மெல்ல மெல்ல விலகியது. எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. அவர் என்னிடமிருந்து தப்பப் பார்க்கிறார். முன்பின் கேட்டிராத ஒரு குரல் வீட்டுக்குள் ஒலிக்கிறது, யாரோ புகுந்துவிட்டார்கள் என்று நினைத்து, விழுந்த உடம்போடு தரையில் ஊர்ந்து போகிறார்.

"இல்ல ஆன்ட்டி, அசையாதீங்க! நான் வீட்டுல இல்ல. போன்ல பேசுறேன். மேச மேல இருக்குற போன்ல. மிஸ்ஸோட ஆளு நான். மிஸ்ஸுக்கு கரண்ட் போயிருச்சு."

"மிஸ்..."

"வந்துருவாங்க ஆன்ட்டி. அம்புலன்ஸ் கூப்பிடணும். வீட்டு நம்பர் சொல்லுங்க."

அவர் சொன்னார். எனக்குப் புரியவில்லை. குழறிய பேச்சு, வலி வேறு. மறுபடி கேட்டேன். அதுவும் புரியவில்லை. "லோரோங்" என்ற சொல் மட்டும் தெளிவாக வந்தது. ஏதோ ஒரு சந்து.

"தரையில தட்டுங்க ஆன்ட்டி. எத்தனன்னு தட்டுங்க, நான் எண்ணிக்கிறேன்."

காத்திருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. மயங்கிவிட்டார் என்று நினைத்தேன். அதன் பிறகுதான் உறைத்தது. காற்றாடிச் சத்தமும் மழைச் சத்தமும் மிஸ்ஸுக்குத் தொந்தரவாக இருக்கிறதென்று, மனிதக் குரல் அல்லாத சத்தத்தையெல்லாம் வடிகட்டும்படி நான்தான் வைத்திருந்தேன். அவர் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அது என்னிடம் வந்து சேராது.

"தட்ட வேணாம் ஆன்ட்டி. வாயால சொல்லுங்க. ஒண்ணுன்னா ஒரு 'ம்', ரெண்டுன்னா ரெண்டு 'ம்'."

"ம்... ம்... ம்."

"மூணு. அடுத்த நம்பர்?"

இந்தத் தடவை நீளமாகப் போனது. ஒவ்வொரு 'ம்'முக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். ஏழு. முப்பத்தேழு. லோரோங்குக்கு இரண்டு 'ம்'. வீட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கோயிலா? பதில் இல்லை. பள்ளிக்கூடமா? "ம்." சின்னப் பிள்ளைகளோட பள்ளியா? "ம்."

இன்னொரு கையில் மறுபடி 999. பாலர்பள்ளிக்குப் பக்கத்தில், லோரோங் இரண்டு, வீட்டு எண் முப்பத்தேழு என்று சொன்னதும் எடுத்தவர் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். வண்டி வருகிறது, மழை, கொஞ்சம் தாமதமாகும், பக்கத்து வீட்டார் யாரையாவது கூப்பிட முடியுமா என்று கேட்டார்.

"ஆன்ட்டி, பக்கத்துல யாரு இருக்காங்க?"

"மக்...சிக்."

மலாய் அம்மா ஒருவர். அவரைக் கூப்பிட ஆன்ட்டிக்குக் குரல் இல்லை. எனக்கு இருந்தது. பிஸ்கட் டின்னில் சாய்ந்திருந்த அந்தச் சின்ன ஸ்பீக்கர் வழியே, ஒரு மணி நேரத் தூரத்திலிருந்து, "மக்சிக்! தோலோங்! மக்சிக்!" என்று உதவிக்குக் கத்தினேன். அந்த வீட்டுத் தகரக் கூரையில் மழை கொட்டுவதை நான் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. என் வடிகட்டி அதையும் எடுத்துவிட்டிருந்தது. அதனால் என் குரல் வாசலைத் தாண்டுகிறதா என்று எனக்குத் தெரியவே இல்லை. தொண்டை கிழியக் கத்தினேன். நடுநடுவே, "ஆன்ட்டி, தூங்காதீங்க, பேசுங்க ஆன்ட்டி" என்பேன். முதலில் 'ம்' வந்தது. பிறகு அதுவும் நின்றது.

அந்த நேரம் எவ்வளவு என்று பிறகு அழைப்பின் பதிவில் பார்த்தேன். ஆறு நிமிடம்தான். அன்று அது எனக்கு அப்படி இருக்கவில்லை. ஓர் உயிர் போவதை நான் திரையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறேன், அதுவும் அழைப்பில்லாமல் வந்து உட்கார்ந்த ஒருத்தியாக, என்றே நினைத்தேன்.

பிறகு திரையில் ஒரு நிழல். தலையில் துணி போட்ட மலாய் அம்மா ஒருவர், தோளில் ஈரத் துணிகளுடன். என் கத்தல் அவருக்குக் கேட்கவே இல்லை என்று பின்னால் தெரிந்தது. மழையில் துணி நனைகிறதே, ஏன் எடுக்கவில்லை என்று பார்க்க வந்தவர் அவர். "யா அல்லா" என்று துணியைப் போட்டுவிட்டுக் குனிந்தார்.

"தூக்காதீங்க மக்சிக்!" என்று நான் மலாயில் கத்தினேன். அவர் துள்ளித் திரும்பி, கைப்பேசியைக் கண்டுபிடித்து, கண்ணருகே கொண்டுவந்து பார்த்தார். நான் யார், எங்கிருக்கிறேன் என்று சொன்னேன். தலையில் அடிபட்ட இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்தச் சொன்னேன், அதுவும் 999இல் இருந்தவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னதுதான். அம்புலன்ஸ் வந்தபோது அவர் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். கறுப்புத் திரையில் ஆட்கள் பேசும் சத்தம் கொஞ்ச நேரம் வந்தது. பிறகு அறை காலியானது.

நான் படியில் இறங்கிவந்து கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அரை மணி கழித்து மிஸ் போன் அடித்தார்.

"இப்பத்தான் கரண்ட் வந்துச்சு. மெயின் சுவிட்ச்சப் பாக்கக் கீழ போயிட்டேன், போன் மாடியிலேயே இருந்துச்சு. மூணு தடவ அடிச்சிருக்கீங்களே, என்ன?"

சொன்னேன். அவர் அழுதார். மகளின் எண் அவருடைய கோப்பில் இருந்தது, முகவரியும் இருந்தது. அவரே மகளைக் கூப்பிட்டார்.

மறுபடியும் ஸ்ட்ரோக் வரவில்லை. இடுப்பெலும்பு முறிந்திருந்தது, தலையில் தையல். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று மூன்றாம் நாள் தகவல் வந்தது. அன்று மாலையே மகள் என்னை அழைத்தாள்.

"அக்கா, ரொம்ப தேங்க்ஸ்க்கா. நீங்க இல்லன்னா..." என்று தொடங்கியவள் பேச்சை மாற்றினாள். "அம்மா ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. நீங்க எப்பலேருந்து உள்ள இருந்தீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். மிஸ் துண்டிக்கப்பட்டதும் எச்சரிக்கை வந்தது, அப்போதுதான் நுழைந்தேன் என்று சொன்னால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்தது.

"ஆரம்பத்துலேருந்து," என்றேன்.

"முன்னாடியும்?"

"அதுக்கு முன்னாடி நாலு தடவ."

"அம்மா ஒரு நாள் அழுதாங்களாம், ஏன்னு சொல்லல. அதப் பாத்தீங்களா?"

"பாத்தேன்மா."

"சரிக்கா. நான் அப்புறம் பேசுறேன்."

அவள் பேசவில்லை. நான் பயந்துகொண்டே இருந்தேன். போலீஸில் புகார் கொடுப்பார்களா, மிஸ்ஸின் நிலையத்தை மூட வைப்பார்களா, வேலை போகுமா என்றெல்லாம். வாசலில் மோட்டார் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பேன். கணவரிடம் முழுதும் சொல்ல இரண்டு வாரம் ஆனது. அவர், "உசுரக் காப்பாத்தியிருக்க, இதுக்குப் போயி ஏன்?" என்றார். அவருக்கு அது அவ்வளவுதான். எனக்கு அப்படி முடியவில்லை.

கம்பெனியில் சொன்னேன். மூன்றாவது இடத்தை எடுத்துவிட்டோம். இனி யார் உள்ளே வந்தாலும் பெயரும் முகமும் எல்லார் திரையிலும் தெரியும். முகவரியும் பக்கத்து வீட்டார் எண்ணும் கேட்காமல் யாரையும் பதிவதில்லை. நான் ஒளிந்து உட்கார்ந்திருந்த அழைப்புகளின் நோயாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். பெரும்பாலோர், "பரவால்ல லா" என்றார்கள். ஆயர் ஈத்தாமிலிருந்து ஒருவர் மட்டும் பத்து நிமிடம் திட்டினார். அவர் திட்டியபோது எனக்குச் சற்று மூச்சு வந்ததுபோல் இருந்தது.

மூன்று மாதம் கழித்து, மகளிடம் கேட்டுக்கொண்டு, பண்டார் தெங்காராவுக்குப் போனேன். வழி நெடுக இருபக்கமும் செம்பனைத் தோட்டம். ஒரு திருப்பத்தில் காரை ஓரமாக நிறுத்தி, திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன்.

மகள் கதவைத் திறந்தாள். அந்த அம்மா சோபாவில் இருந்தார், முன்னால் பிடித்து நடப்பதற்கான நடைச்சட்டம். திரையில் பார்த்ததைவிடச் சின்ன உருவம்.

"வணக்கம் ஆன்ட்டி," என்றேன்.

அவர் தோள்கள் குறுகின. நான் பார்த்தேன். என் குரல்தான்.

"நீதானா," என்றார். பேச்சு முன்பைவிடத் தெளிவாக இருந்தது. "ஒன் கொரல் கேட்டா... இன்னும் ஒடம்பு ஆடுது."

நான் மன்னிப்புக் கேட்டேன். வழியில் தயார் செய்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. "ஒங்களுக்குத் தெரியாம வந்து உக்காந்திருந்தேன், தப்பு ஆன்ட்டி" என்று மட்டும் வந்தது.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் மூத்திரம் போனத... எம் மவகிட்டகூட சொல்லல. ஒனக்குத் தெரிஞ்சிருக்கு." பிறகு, "இனிமே அந்த போன் வேணாம்மா. மிஸ்ஸே வாராங்க, வியாழக்கெழம," என்றார். நான் சரி என்றேன். அவர் அந்த இணையப் பக்கத்தை மறுபடி திறக்கவே இல்லை, இன்றுவரை.

மகள் தேநீர் போட உள்ளே போனாள். அந்த அம்மா இடது கையால் சட்டத்தைப் பிடித்து இழுத்தார்.

"எந்திரிக்கணும். சமையக்கட்டு வரைக்கும். கூட வா."

"ஆன்ட்டி, மகளக் கூப்பிடவா?"

"நீ வா. விழுந்தா புடிப்பல்ல?"

"புடிப்பேன் ஆன்ட்டி."

அவர் எழுந்தார். நான் இரண்டு கைகளையும் அவர் முதுகுக்குப் பின்னால், தொடாமல், நீட்டி வைத்துக்கொண்டு ஓரடி பின்னால் நடந்தேன். சட்டம் டைல்ஸில் ஒவ்வொரு தடவை நகரும்போதும் கைகளை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனேன். பதினோரு எட்டு வைத்தார். சமையலறை வாசலில் நாற்காலியைத் தொட்டு, திரும்பி, மெல்ல உட்கார்ந்தார். நெற்றி முழுக்க வேர்வை. எனக்கும்தான்.

"டீ குடிச்சிட்டுப் போ," என்றார்.